பத்தொன்பதுக்குப் பிறகு ஒன்று

ஜனவரி 3, வெள்ளி

வேடம் கிடைத்துவிட்டது.

ஏழு பேர் வந்திருந்தோம். மற்ற ஆறு பேரும் வசனத்தை என்னைவிட நன்றாகப் பேசினார்கள். குழுத் தலைவர் ஜம்புநாதன் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

"தோப்புக்கரணம் போடத் தெரியுமாம்மா?"

போட்டேன்.

"நிறுத்தாம போடு."

முப்பதைத் தாண்டியபோது கையைத் தட்டினார். "இவதான் பங்கஜம். பேரென்ன சொன்னே?"

"சாருமதி."

"என்ன படிச்சிருக்கே?"

"எம்.ஏ. சார். இப்ப பிஎச்.டி. பண்றேன்."

"பேஷ். பி.ஏ.வை நாங்க ரெண்டரை மணி நேரத்துல அடக்கிடுவோம். உனக்கு மூணு மணி நேரம் ஆகும் போலிருக்கே."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் என் முதல் ஒத்திகை.

அம்மாவிடம், ஆய்வுக்காக ஒரு நாடகக் குழுவோடு கொஞ்ச நாள் இருக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். எந்தக் குழு என்று அவள் கேட்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஜனவரி 5, ஞாயிறு

பிரதியை முழுவதும் படித்தேன். 'பங்கஜம் பி.ஏ.', 1958. எழுதியவர் ஜம்புநாதனின் அப்பா. முதல் சபாபதியும் அவர்தான். அவருக்குப் பிறகு மகன். ஒரு வரிகூட மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும் அமர நகைச்சுவை என்று அட்டையில் போட்டிருக்கிறது.

பங்கஜம் படித்தவள். எந்த ஆணுக்கும் தலை குனியமாட்டேன் என்பவள். அவளை ரயில்வே குமாஸ்தா சபாபதிக்குக் கட்டிவைக்கிறார்கள். வீட்டில் விரதம் என்று சொல்லி அவன் இரண்டு நாள் அவளுக்குச் சோறு போடுவதில்லை. சிரிப்பு. அவளுடைய புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டு, பேரீச்சம்பழம் வாங்கித் தின்கிறான். சிரிப்பு. வந்த விருந்தாளிகளிடம் இவளுக்குச் சித்தபிரமை என்கிறான். இல்லை, இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல அவர்கள் பாவமாகத் தலையாட்டுகிறார்கள். பலத்த சிரிப்பு. கடைசியில் அவள் காதைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் இருபத்தொரு தோப்புக்கரணம் போடுகிறாள். சுபம்.

'சிரிப்பு' என்பது நான் எழுதிய குறிப்பு இல்லை. பிரதியில் அடைப்புக்குறிக்குள் அப்படியே இருக்கிறது. பெரியவர் ஜனங்களின் வேலையையும் சேர்த்து எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

என் நெறியாளரிடம் தொலைபேசியில் பேசினேன். "அந்தக் காலத்தோட வெச்சுப் பார்க்கணும் சாரு. கிளாசிக் இல்லையா" என்றார்.

எந்தக் காலம் என்று கேட்க நினைத்தேன். அம்மாவுக்கு இப்போது ஐம்பத்து நான்குதான் ஆகிறது.

ஜனவரி 8, புதன்

மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் ஒத்திகை. கீழே யாருக்கோ வளைகாப்பு.

கடைசிக் காட்சி. சபாபதி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறான். பங்கஜம் நடுமேடையில் நிற்கிறாள். முதலில் அவள் தப்பாகப் போடவேண்டும். சபாபதி எழுந்து வந்து, "பி.ஏ. படிச்சவளுக்கு இது தெரியலையே!" என்று ஒன்றே ஒன்று போட்டுக் காட்டுவான். திரும்பிப் போய் உட்காருவான். பிறகு அவள் போடுவாள்.

எண்ணுவது ஜனங்கள். ஒண்ணு, ரெண்டு என்று அரங்கமே கத்துமாம். இது பிரதியில் இல்லை. எப்போதோ யாரோ தொடங்கிவைத்தது. இப்போது எண்ணுவதற்காகவே வருகிறார்கள்.

இருபத்தொன்று ஆனதும் பங்கஜம் கைகூப்பி, "இனிமே வாயே தெறக்கமாட்டேங்க" என்பாள். திரை விழும். நாடகத்தின் கடைசி வார்த்தை பெண்ணுடையது.

திரைக்கயிறு நாகப்பனிடம். முப்பத்தைந்து வருடமாக அவர்தான். அவர் நிற்கும் மூலையிலிருந்து மேடை தெரியாது.

"அப்புறம் எப்படி இழுப்பீங்க?"

"காதுதாம்மா. அந்த வார்த்தை விழுந்தா இழுப்பேன். விழலன்னா விடிய விடிய நிப்பேன். சாரோட கண்டிப்பு."

இன்னொன்றும் பிரதியில் இல்லை. அது ஜம்புநாதனின் சொந்தச் சரக்கு. பத்தொன்பது ஆனதும் சபாபதி கையைத் தூக்குவான். "கணக்குத் தப்பிடுத்து. மொதல்லேர்ந்து!" அரங்கத்துக் கூரை பிய்த்துக்கொள்ளும். மறுபடி ஒன்றிலிருந்து.

"எத்தனை தடவை சார் அப்படி?"

"அது கூட்டத்தைப் பொறுத்ததும்மா. சாதாரணமா ஒரு தடவை. தஞ்சாவூர்ல ஒரு கூட்டம், தொண்ணூத்தஞ்சுன்னு நெனைக்கறேன். புஷ்பகலான்னு ஒருத்தி பங்கஜம். நாலு தடவை திருப்பினேன். அன்னிக்குச் சிரிச்சா பாரு! அப்படி ஒரு சிரிப்பு அதுக்கப்புறம் எனக்கு வரவே இல்லை."

குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 13, திங்கள்

நேற்று முதல் மேடை. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாவது காட்சி. பத்தொன்பதில் ஒரு முறை திருப்பினார். மொத்தம் நாற்பது.

முன்வரிசையில் என் வயதுப் பெண் ஒருத்தி. மடிக்கணினிப் பையை மடியில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினாள். நான் கீழே போகும்போதெல்லாம் அவள் முகம் தெரியும். மேலே வரும்போது மேடை விளக்குதான். அவளை வெறுக்க முயன்றேன். வெறுப்பு அவளிடம் நிற்கவில்லை. சாய்வு நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்த ஜம்புநாதனின் செருப்பிடம் போய் நின்றது.

இன்று படி இறங்க முடியவில்லை. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"முட்டில தேய்ச்சு என்னத்துக்கு? தொடை மேல தேய்க்கணும். இங்க. நாளைக்கு இந்த இடம்தான் பிடிச்சுக்கும்."

விரலை வைத்த இடம் சரியாக வலித்தது.

தேய்த்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். குந்தி உட்கார்ந்து கோலம் போட என்னால் முடியவில்லை. அம்மாவால் எப்போதுமே முடியாது. வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினோம்.

ஜனவரி 20, திங்கள்

நேற்று ஒரு சோதனை செய்துபார்த்தேன். ஐந்து போட்டதும் கைகூப்பி, "இனிமே வாயே தெறக்கமாட்டேங்க" என்று உரக்கச் சொன்னேன். நாகப்பன் இழுத்துவிட்டார். ஜனங்களின் 'ஆறு' திரைக்கு வெளியே கேட்டது.

ஜம்புநாதன் ஒப்பனை அறைக்கு வந்தார். கத்தவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்தபடி மெதுவாகப் பேசினார்.

"மறந்துடுத்தா?"

"பதற்றம் சார்."

"பதற்றம் எனக்குப் புரியும். திமிரும் புரியும். ஒன்பதாம் தேதி ஆயிரமாவது மேடை. அதுல நீ நிக்கணுமா வேண்டாமா, யோசிச்சுக்கோ. வாசல்ல ஆறு பேர் காத்துண்டிருக்கா."

"நிக்கணும் சார்."

"அப்போ ஜனங்க எண்ணி முடிக்கற வரைக்கும் அது உன் கால் இல்லை. புரியறதா?"

மன்னிப்புக் கேட்டேன். நன்றாகவே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டதால் அவர் செருப்பு மட்டும் தெரிந்தது. கட்டைவிரல் பக்கம் தேய்ந்திருக்கிறது. இடது முழங்காலில் பாரம் போடாமல் நடக்கிறவர்களுக்கு அப்படித்தான் தேயும்.

ஜனவரி 23, வியாழன்

சிங்காரம் ஒப்பனைக்காரர். நாகப்பனைப் போலவே பழையவர். இன்று ஒத்திகையில் வேறு யாரும் இல்லாதபோது கேட்டேன்.

"புஷ்பகலான்னு ஒருத்தங்க இருந்தாங்களாமே?"

அவர் பஞ்சைத் தேடுவதுபோல் பெட்டியைக் கிளறினார்.

"இருந்துச்சும்மா. நல்ல பொண்ணு. தஞ்சாவூர் மேடை அன்னிக்கு முழுகாம இருந்துச்சு. மூணு மாசம். கார்த்தாலயே சார்கிட்ட சொல்லிச்சு, சார் இன்னிக்கு அஞ்சோட நிறுத்திக்கிறேன், இதான் கடைசி மேடைன்னு. சார் சரின்னு தலையாட்டினாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அப்புறம்?"

"மேடைக்குப் போனதும் கணக்கு தப்பிடுச்சு. நாலு தடவ."

"அவங்க வசனத்தைச் சொல்லி முடிச்சிருக்கலாமே."

"சொல்லிச்சும்மா. ஒவ்வொரு தடவையும் சொல்லிச்சு. வாயத் தொறந்தாலே சார் குறுக்க ஒரு ஜோக் விடுவாரு. ஜனம் சிரிக்கிற சத்தத்துல நாகப்பனுக்கு எங்க கேக்கும்? கடைசில விழுந்துச்சு. அதுக்கும் சிரிச்சாங்க. நடிப்புன்னு நெனச்சுக்கிட்டாங்க. நான்தான் ஓடிப்போய்க் கயித்த இழுத்தேன்."

பெட்டியில் கிடந்த பஞ்சை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"மூணாம் நாள் கலைஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு எந்த மேடைக்கும் வரல. ஏம்மா, இதெல்லாம் உன் படிப்புக்கு எழுதுவியா?"

"தெரியல."

என் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பவுடர் ஒற்றினார்.

நான் பிறந்தது தொண்ணூற்றேழில். மூத்த குழந்தை என்றுதான் இதுவரை எல்லா விண்ணப்பங்களிலும் எழுதியிருக்கிறேன்.

இதை எனக்கு முதலில் சொன்னது பெரியம்மா. போன வருடம், ஒரு கல்யாணப் பந்தியில், ரசம் சாதத்துக்கு நடுவில், ஊர்க்கதைபோல. அம்மா எதிர் வரிசையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். வேடத்துக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்தபோது எனக்கு ஆய்வு ஞாபகம் வரவில்லை.

வஞ்சம் என்ற சொல்லை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாது. இங்கே முடியும்.

ஜனவரி 27, திங்கள்

நேற்று எனக்குத் தண்டனை. இரண்டு முறை திருப்பினார். ஐம்பத்தொன்பது. வசனத்தை இருபத்தொன்றில்தான் சொன்னேன். "பாத்தியா, முடியறது" என்று முதுகில் தட்டினார்.

அவர் எழுந்து வந்து செய்துகாட்டும்போது சாய்வு நாற்காலி எட்டு விநாடி காலியாக இருக்கிறது.

ஜனவரி 30, வியாழன்

நூலகம். மேடை நகைச்சுவை பற்றி மூன்று நூல்கள். மூன்றிலும் பங்கஜம் வருகிறாள். ஒன்றில் 'ஆர்ப்பாட்டமற்ற குடும்பச் சிரிப்பு'. இன்னொன்றில் 'ஆண்-பெண் ஊடலின் இனிய சித்திரம்'. நடித்த பெண்களின் பெயர்கள் ஒன்றிலும் இல்லை. சபாபதிகள் இரண்டு பேரும் புகைப்படத்தோடு இருக்கிறார்கள்.

வாசலில் கொடுத்த குடையைத் திரும்ப வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ஒழுங்காக நடந்துகொண்டேன். ஒரு முறை திருப்பல். நாற்பது. நாற்காலி ஏழு விநாடி காலி.

ஜம்புநாதனுக்குச் சந்தோஷம். "ஆயிரமாவது மேடைல உன்னை வெச்சு தஞ்சாவூர் ரெக்கார்டை முறியடிக்கணும்மா. அஞ்சு தடவை. தாங்குவியா?"

"தாங்குவேன் சார்."

"ஓய்வுபெற்ற நீதிபதி ஒருத்தர் தலைமை. வீடியோ எடுக்கறா. சாகற வரைக்கும் பேசணும் ஜனங்க."

தலையாட்டினேன். உண்மையிலேயே ஒத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பயமாக இருக்கிறது. அவருக்கு அறுபத்தெட்டு வயது. இதயத்தில் ஏதாவது உண்டா என்று சிங்காரத்திடம் சுற்றிவளைத்து விசாரித்தேன். "கல்லு மாதிரி இருக்காரு. முட்டி மட்டும்தான்" என்றார்.

விசாரித்தேன் என்பதை எழுதிவைக்கிறேன். இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்தது. அது எந்த வகை நிம்மதி என்று பார்க்க விருப்பமில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மதியம் அம்மா தலை வாரிவிட்டாள். எத்தனையோ வருடம் ஆகிறது. கிளம்பும்போது, "சாப்பிட்டுப் போ. வெறும் வயித்துல போடாத" என்றாள்.

பிப்ரவரி 10, திங்கள்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அரங்கம் நிறைந்து, பக்கவாட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதல் இரண்டு அங்கமும் எப்போதும் போல. விரதத்துக்குச் சிரித்தார்கள். பேரீச்சம்பழத்துக்குச் சிரித்தார்கள். சித்தபிரமைக்கு நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிக் காட்சி. தப்பாகப் போட்டேன். ஜம்புநாதன் நாற்காலியைவிட்டு எழுந்தார். "பி.ஏ. படிச்சவளுக்கு இது தெரியலையே!" காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கீழே இருக்கும்போதே நான் நடந்துபோய்ச் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். காலை நீட்டினேன். அவர் எழுந்ததும் சொன்னேன்.

"ஒண்ணு."

ஒரு கணம். அவருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் அந்தக் கணம் தெரிந்திருக்காது.

"ரெண்டு!" என்றது அரங்கம்.

எண்ணுவதற்காக வந்தவர்கள். அதுவரை தெரியாத ஒரு காட்சி. ஆயிரமாவது மேடைக்கென்று புதிதாகச் சேர்த்தது என்றே நினைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் தரையில் அறைந்தன. ஜம்புநாதன் என்னைப் பார்த்தார். ஜனங்களைப் பார்த்தார். அவர் போயிருக்கலாம். ஒரு ஜோக் அடித்துவிட்டு நாற்காலியைத் திரும்ப வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு தஞ்சாவூர்ச் சிரிப்பு. முப்பது வருடமாகக் காத்திருந்தது. அவரால் அதை விடமுடியவில்லை. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நான்கு. ஐந்து. ஆறில் காதைப் பிடித்த கைகளை மாற்றி வேடிக்கை காட்டினார். ஒன்பதில் வேடிக்கை நின்றது. பன்னிரண்டில் இடது காலை முன்னால் நகர்த்திக்கொண்டார். என் பக்கம் திரும்பும்போதெல்லாம் உதடு அசையாமல் பேசினார்.

"டயலாக்கைச் சொல்லு."

வெற்றிலைப் பெட்டியைத் திறந்தேன்.

"சாரு. சொல்லும்மா."

காம்பு கிள்ளினேன்.

பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது.

கையைத் தூக்கினேன். அரங்கம் சட்டென்று அமைதியானது. அவர்களுக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று. ஜம்புநாதனுக்கும் தெரியும். அவர் முகத்தில் அப்போது வந்ததைப் பார்க்கத்தான் நான் ஒரு மாதமாகக் கீழே போய் மேலே வந்துகொண்டிருந்தேன்.

"கணக்குத் தப்பிடுத்து. மொதல்லேர்ந்து!"

அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. நீதிபதி எழுந்து நின்று எண்ணினார். மடிக்கணினிப் பெண்ணைப்போல இருபது பேர் விரல்விட்டு எண்ணினார்கள். அவர்கள் என் பக்கம் வந்துவிட்டதாக ஒரு நிமிடம் நினைத்தேன். இல்லை. அதே சிரிப்புதான். இறங்கி ஏற ஓர் உடம்பு இருந்தால் போதும்.

ஏழு. எட்டு. ஒன்பதுக்கு இறங்கியவர் எழவில்லை. பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். வேட்டி விலகி முழங்காலில் கட்டியிருந்த பட்டை தெரிந்தது. விசில் அடித்தார்கள்.

நான் நாற்காலியில் இருந்தபடி, "எழுந்திருங்கோ, ஜனங்க காத்துண்டிருக்கா" என்றேன். அவருடைய குரலிலேயே. எனக்கும் சிரிப்பு வந்தது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

அவர் இரண்டு கையையும் தரையில் ஊன்றிப் பார்த்தார். முடியவில்லை. பக்கத்துத் திரை மூலையைப் பார்த்தார். நாகப்பன் காதால் மட்டும் வேலை செய்கிறவர். அந்த வார்த்தை வரவேண்டும்.

"இனிமே..." என்றார் ஜம்புநாதன். சிரிப்பில் போய்விட்டது.

மறுபடி சொன்னார். அதுவும் போய்விட்டது.

மூன்றாவது தடவை கைகூப்பிக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். "இனிமே வாயே தெறக்கமாட்டேங்க!"

திரை விழுந்தது.

ஒப்பனை அறையில் அவரைப் பெஞ்சில் படுக்கவைத்து முழங்காலில் பனிக்கட்டி கட்டினார்கள். வெளியே கைத்தட்டல் ஓயவில்லை. நான் உள்ளே போனேன். எல்லோரும் விலகினார்கள். சிங்காரம் மட்டும் நகரவில்லை.

"யாரு நீ?" என்றார் ஜம்புநாதன்.

"புஷ்பகலா பொண்ணு."

கண்ணை மூடி யோசித்தார். நான் அந்த இடைவெளிக்காக எத்தனையோ வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன்.

"நன்னா இருக்காளா?" என்றார். நிஜமாகவே விசாரித்தார். "நல்ல ஆர்ட்டிஸ்ட். பாதில விட்டுட்டுப் போயிட்டா. ஏன்னே தெரியலை."

என் வாக்கியங்கள் எல்லாம் அப்படியே நின்றன. சிங்காரம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டேன். இன்று காலை அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"விழுந்தாரா?"

"விழுந்தார்."

"எத்தனைல?"

"பத்தொம்பது. அப்புறம் மறுபடி ஒண்ணுலேருந்து எட்டு."

"இருபத்தேழு" என்றாள்.

அந்த வேகம் என்னை என்னவோ செய்தது. எழுந்து உட்கார்ந்தேன். "உனக்கு எத்தனைம்மா? சிங்காரத்துக்குக்கூட சரியாத் தெரியல. நாலு தடவை திருப்பினார்ங்கறார்."

"அவங்க எல்லாரும் திரும்பத் திரும்ப ஒண்ணுலேருந்துதானே எண்ணினாங்க. நான் அப்படி எண்ணல. விடாம எண்ணிக்கிட்டே வந்தேன்."

"எத்தனை?"

"எண்பத்தி மூணு."

ஜன்னல் பக்கம் போய்க் கொடியில் கிடந்த துணியை இழுத்து மடித்தாள். ஒரு துண்டு, ஒரு பாவாடை, என் நாடகப் புடவையின் ரவிக்கை. அதை உதறி, கைகளை உள்ளே மடக்கி, மேலே வைத்தாள்.

"அந்தக் காலு சரியாகி மறுபடி மேடை ஏற எவ்வளவு நாள் ஆகும்?"

"தெரியல. ரெண்டு மாசம் ஆகலாம். ஏம்மா?"

"இன்னும் அம்பத்தாறு இருக்கு" என்றாள் அம்மா.